எரிமலை இல்லாத இடத்தில் வெந்நீர்

பெங்களூரு ஒக்கலிபுரத்தை ஒட்டியிருக்கும் சிட்டி ரயில் நிலையத்தில் இரவு கண்ணூர் வண்டியில் ஏறிப் படுத்தால், காலையில் மேற்குத் தொடர்ச்சி மலையின் மறுபக்கத்தில் கண் விழிக்கலாம். சக்லேஷ்பூருக்கும் சுப்ரமண்யா ரோடுக்கும் இடையே 57 சுரங்கப்பாதைகள். மழைக்காலமென்றால் அவற்றின் பாறைச் சுவர்களில் நீர் கசிந்து வழிந்துகொண்டே இருக்கும். அந்தக் கசிவை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், இந்த அத்தியாயமே அதைப் பற்றியதுதான்.

கபகா புத்தூரில் இறங்கி 15 கிலோமீட்டர் போனால் இர்தே கிராமம். சுற்றிலும் பாக்குத் தோட்டங்கள், நடுவே சீரே ஆறு. ஆற்றங்கரையில் கல் கட்டிய சிறிய குளம் ஒன்று இருக்கிறது. பெந்த்ரே தீர்த்தம் என்று பெயர். கடைத்தெரு இல்லை, கூட்டம் இல்லை. குளத்து நீரின் வெப்பம் 37 முதல் 41 டிகிரி செல்சியஸ். கந்தக வாடை லேசாக அடிக்கும். நாலடி தள்ளி ஓடும் ஆற்றில் கால் வைத்தால் ஜில்லென்று இருக்கும்.

இந்த வெப்பம் எங்கிருந்து வருகிறது? யாரைக் கேட்டாலும் அடியில் எரிமலை இருக்கும் என்பார்கள். இந்தியாவில் உயிரோடிருக்கும் எரிமலை ஒன்றே ஒன்றுதான். அது அந்தமான் கடலில், பாரன் தீவில் இருக்கிறது. புத்தூரிலிருந்து கிழக்கே கிட்டத்தட்ட 2,000 கிலோமீட்டர். கர்நாடகத்திலும் ஒரு காலத்தில் எரிமலைகள் இருந்தன. கோலார் அருகே பெத்தபள்ளியில் அவை கக்கிய சாம்பலும் கற்களும் இறுகிப் பாறையாகி நிற்கின்றன. ஆனால் அவை குளிர்ந்து 250 கோடி ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. அந்தச் சூட்டில் இன்றைக்கு ஒரு துளி நீரும் வெதுவெதுப்பாகாது.

வெந்நீர் ஊற்று பற்றி அறிஞர்களுக்குள்ளேயே நெடுநாள் வழக்கு இருந்தது. ஆஸ்திரியாவின் பெரிய புவியியலாளர் எட்வார்ட் சூஸ் 1902இல் கார்ல்ஸ்பாட் ஊற்றுகளைப் பற்றிப் பேசும்போது, அந்த நீர் பூமியின் ஆழத்திலிருந்து முதன்முறையாக வெளியே வரும் புது நீர், அது வானத்தையே பார்த்ததில்லை என்று வாதிட்டார். கேட்க அழகான கருத்து. அரை நூற்றாண்டுக்கும் மேல் அதற்கு மதிப்பும் இருந்தது. 1960களின் தொடக்கத்தில் அமெரிக்கரான ஹார்மன் கிரெய்க் நீரின் அணுக்களையே எடைபோட்டுப் பார்த்து அதை முடித்துவைத்தார். மழைநீரில் கனமான ஹைட்ரஜன் அணுக்கள் மிகச் சிறிய அளவில் கலந்திருக்கும். கடற்கரையில் பெய்யும் மழைக்கும் மலையுச்சியில் பெய்யும் மழைக்கும் அந்த அளவு மாறும். வெந்நீர் ஊற்றுகளில் கிரெய்க் கண்ட அளவோ, அந்தந்த ஊரின் மழைநீரில் இருப்பதோடு ஒத்துப்போனது. ஊற்றில் வருவது மழைநீர்தான். பல ஆண்டுகளுக்கு முன் பெய்து, ஆழத்துக்குப் போய், சூடேறித் திரும்பிய நீர்.

ஆழத்தில் எவ்வளவு சூடு இருக்கும் என்பதைத் தமிழர்களைவிட நெருக்கமாக அறிந்தவர்கள் இந்தியாவில் இல்லை. பெங்களூரிலிருந்து கிழக்கே 100 கிலோமீட்டரில் கோலார் தங்கவயல். 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி அங்கே சுரங்கம் தோண்டத் தொடங்கியது. வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் குடும்பம் குடும்பமாகப் போன நம் மக்கள்தான் அதன் ஆழத்தில் இறங்கி உழைத்தார்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் கடைசியில் ஏறத்தாழ 3.2 கிலோமீட்டர் ஆழத்தைத் தொட்டது. அங்கே புதிதாக உடைத்த பாறையின் வெப்பம் சுமார் 66 டிகிரி. கையை வைத்தால் சுட்டு இழுத்துக்கொள்ள வேண்டிய சூடு. தூசி அடங்கத் துளைபோடும் இடத்தில் தெளிக்கும் நீர் அந்தப் பாறையில் பட்டு ஆவியாகும், காற்றில் ஈரம் ஏறும், வியர்வை காயாது. வியர்வை காயாவிட்டால் உடல் குளிராது. மேலே தரைமட்டத்தில் காற்றைக் குளிரவைத்துக் கீழே அனுப்பும் ஆலைகளை வைத்துத்தான் வேலையை நடத்த முடிந்தது. கேஜில் தொங்கியபடி மூன்று கிலோமீட்டர் இறங்கி, அந்த வெக்கையில் ஒரு ஷிஃப்ட் முழுக்க நின்று, பாறை எப்போது வெடித்துச் சிதறுமோ என்ற அச்சத்தோடு வேலை பார்த்தவர்களை நம் வரலாற்று நூல்கள் இன்னும் போதிய அளவு பேசவில்லை. 2001 பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கம் மூடப்பட்டது.

அவர்கள் வியர்வைக்கு நடுவே கிடைத்த அந்த 66 என்ற எண்ணில் ஓர் அறிவியல் செய்தி இருக்கிறது. தரையில் பாறையின் சராசரி வெப்பம் 26 டிகிரி என்று வையுங்கள். மூன்று கிலோமீட்டரில் 40 டிகிரி கூடியிருக்கிறது. அதாவது ஒரு கிலோமீட்டருக்கு 13 டிகிரி. உலகின் கண்டப் பகுதிகளில் பொதுவாகக் கிலோமீட்டருக்கு 25 முதல் 30 டிகிரி ஏறும். நம் தென்னிந்தியப் பாறை அதில் பாதிதான் ஏறுகிறது. அந்த ஆழத்துக்கு மனிதர் இறங்கி உயிரோடு ஏறிவர முடிந்ததற்கு இதுவே முதல் காரணம். வழக்கமான பாறையாக இருந்திருந்தால் சுரங்கத்தின் அடி 100 டிகிரியைத் தாண்டியிருக்கும்.

இந்த ஏற்றத்தைப் பார்க்கச் சுரங்கம்வரை போக வேண்டியதில்லை. ஒக்கலிபுரம், ராஜாஜிநகர் பக்கங்களில் 1,000 அடி, 1,500 அடி என்று போர்வெல் போட்ட வீடுகளில் ஜனவரி மாத விடியற்காலையில் மோட்டாரைப் போட்டு, குழாயில் நிற்கும் பழைய நீர் போகும்வரை கால் மணி நேரம் ஓடவிட்டுப் பிறகு கை நீட்டுங்கள். நீர் வெதுவெதுப்பாக வரும். வெளியே 15 டிகிரிக் குளிர். 1,500 அடியில், அதாவது 450 மீட்டரில், பாறை 31, 32 டிகிரியில் இருக்கிறது. ஹீட்டர் போடாமலே குளித்துவிடலாம் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். பூமியின் உள்வெப்பத்தில்தான் அவர்கள் குளிக்கிறார்கள்.

இனி பெந்த்ரே தீர்த்தத்துக்கு வருவோம். மலையடிவாரத்தில் தரையின் சராசரி வெப்பம் 27 டிகிரி. ஊற்று நீர் 40 டிகிரி. கூடியிருப்பது 13. கோலார்க் கணக்கை அப்படியே இங்கே போட்டால், அந்த நீர் குறைந்தது ஒரு கிலோமீட்டர் ஆழத்துக்காவது போய்த் திரும்பியிருக்க வேண்டும். குறைந்தது என்று சொல்லக் காரணம் உண்டு. மேலே வரும் வழியில் நீர் சூட்டை இழக்கும். தரைக்கு அருகில் குளிர்ந்த நிலத்தடி நீரும் கலக்கும். கொல்லையில் காய்ச்சிய வெந்நீரை வாளியில் எடுத்துக்கொண்டு பேசிக்கொண்டே நடந்தால் குளியலறை சேர்வதற்குள் ஆறிவிடும்; விறுவிறுவென்று கொண்டுபோனால் சூடு தங்கும். ஊற்றுக்கும் அதுவே விதி. இறங்கும்போது நீர் எத்தனை மெதுவாகவும் இறங்கலாம். ஏறும்போது வேகமாக ஏற வேண்டும். அப்படி ஏற ஓர் அகலமான பிளவு வேண்டும்.

பிளவு கிடைப்பதுதான் அரிது. ஆழத்தில் பாறையின் எடையே விரிசல்களை அழுத்தி மூடிவிடும். மூடாத பெரும்பிளவுகள் பழைய நில உடைவுகளை ஒட்டித்தான் இருக்கும். மேற்குக் கடற்கரை அப்படிப்பட்ட இடம். ஏறத்தாழ 9 கோடி ஆண்டுகளுக்கு முன் மடகாஸ்கர் இந்தியாவிலிருந்து பிய்ந்து போன விளிம்பு இது. வடக்கே மகாராஷ்டிரத்தின் கொங்கணத்தில் வெந்நீர் ஊற்றுகள் கடற்கரைக்கு இணையாக ஒரே வரிசையில் 300 கிலோமீட்டருக்கும் மேல் நீள்கின்றன. மும்பையிலிருந்து ஒரு நாளில் போய்வரக்கூடிய வஜ்ரேஸ்வரி, கணேஷ்புரி ஊற்றுகள் அந்த வரிசையைச் சேர்ந்தவை. அவை தான்சா ஆற்றங்கரையில் இருக்கின்றன.

மறுபடியும் ஆற்றங்கரை. இமாசலத்தில் மணிகரண் பார்வதி ஆற்றங்கரையில், தத்தாபானி சட்லெஜ் கரையில். தற்செயல் அல்ல. பிளந்து நொறுங்கிய பாறையை ஆறு எளிதில் அரிக்கும், அதனால் ஆறுகள் பிளவுகளின் மேலேயே தம் தடத்தை வெட்டிக்கொள்கின்றன. மலைமேல் பெய்து உள்ளே இறங்கிய நீருக்கு மேலிருந்து அழுத்தம் இருந்துகொண்டே இருக்கிறது. வெளியேற அது தேடுவது மிகத் தாழ்வான வாயிலை. பள்ளத்தாக்கின் அடிதான் அந்த வாயில். தட்சிண கன்னடத்தில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீட்டருக்கும் மேல் மழை கொட்டுகிறது. பெங்களூரில் கிடைப்பதைப் போல மூன்று மடங்குக்கும் அதிகம். பின்னால் ஆயிரம் மீட்டருக்கு மேல் எழுந்து நிற்கும் மலை. மேலிருந்து தள்ள நீர் இருக்கிறது, உயரம் இருக்கிறது, பிளவு இருக்கிறது. அப்படியிருந்தும் பெந்த்ரே தீர்த்தம் ஏன் உடல் சூட்டோடு நின்றுவிட்டது?

விடை தெரியச் சீனாவுக்குப் போக வேண்டும். தெற்குச் சீனாவின் குவாங்சோ நகரில் 1 கோடியே 80 லட்சத்துக்கும் மேல் மக்கள் வாழ்கிறார்கள். அங்கிருந்து வடகிழக்கே சுமார் 75 கிலோமீட்டரில் சோங்ஹுவா வெந்நீர் ஊற்றுப் பகுதி. லியூசி ஆறு மலைகளுக்கிடையே வளைந்து போகிறது. அதன் கரைகளில் ஊற்றுகள். நகரத்தின் இரைச்சலிலிருந்து ஒதுங்க விரும்பும் மக்கள் தலைமுறைகளாக அங்கே போய்த் தங்குகிறார்கள். அங்கேயும் எரிமலை இல்லை. அங்கேயும் கருங்கல் பாறை, பிளவு, ஆறு, நல்ல மழை. ஆனால் ஊற்றின் வெப்பம் 70 டிகிரியை எட்டுகிறது. அந்த நீரில் ரேடான் என்னும் கதிரியக்க வாயு கரைந்திருக்கிறது. புதிருக்கான திறவுகோலே அந்த ரேடான்தான்.

யுரேனியமும் தோரியமும் பொட்டாசியத்தின் ஒரு வகையும் பாறைகளில் சிறிதளவு கலந்திருக்கின்றன. அவை சிதையும்போது வெப்பம் வெளிப்படுகிறது. ஒரு கைப்பிடிப் பாறையில் அது உணரவே முடியாத அளவு. பல கிலோமீட்டர் தடிமனுள்ள பாறைக்குள் கோடிக்கணக்கான ஆண்டுகள் சேரும்போது அதுவே பெரும் உலை. யுரேனியம் சிதையும் வழியில் பிறப்பது ரேடான். தெற்குச் சீனாவின் கருங்கல் ஜுராசிக் காலத்தில் உருவானது. புவியியல் கணக்கில் இளம் பாறை, யுரேனியமும் தோரியமும் நிறைந்தது. நம் தென்னிந்தியப் பாறையோ அப்படியல்ல. பெங்களூரு லால்பாக்கில் கெம்பேகவுடா கோபுரம் நிற்கும் பாறைமேல் ஏறியிருப்பீர்கள். அது தீபகற்ப நைஸ், வயது ஏறத்தாழ 300 கோடி ஆண்டு. இந்தப் பழம்பாறையில் கதிரியக்கத் தனிமங்கள் குறைவு. அடியிலிருந்து மேலே வரும் வெப்பம் இங்கே சதுர மீட்டருக்கு 30, 40 மில்லிவாட் அளவில்தான் இருக்கிறது. கண்டங்களின் சராசரி 65. பெந்த்ரே தீர்த்தத்துக்குக் கிடைத்தது ஆறிப்போன அடுப்பு.

இதே கதிரியக்கத்தின் தடயத்தை மேற்கு வங்காளத்தின் பக்ரேஷ்வரில் இயற்பியலாளர் ஷ்யாமதாஸ் சட்டர்ஜி வேறொரு வழியில் பிடித்தார். அங்குள்ள வெந்நீர்க் குளங்களில் ஓயாமல் எழும் குமிழிகளைச் சேகரித்துப் பார்த்ததில் ஹீலியம் இருந்தது, 1 சதவீதத்துக்கும் மேல். காற்றில் இருப்பதைவிட ஆயிரக்கணக்கான மடங்கு. யுரேனியமும் தோரியமும் சிதையும்போது வீசும் ஆல்ஃபா துகள் இரண்டு எலெக்ட்ரானைப் பிடித்துக்கொண்டால் அது ஹீலியம் அணு. பாறைக்குள் யுகக் கணக்கில் அடைபட்டிருந்தது, நீர் திறந்துவிட்ட வழியில் வெளியே வருகிறது. இந்த ஆய்வுக்குத் துணைநின்று ஊக்கியவர் சத்யேந்திரநாத் போஸ்.

கோலாருக்கும் இதில் இன்னொரு பங்குண்டு. 1965இல் அதே சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில், 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும் ஜப்பான், பிரிட்டன் ஆய்வாளர்களும் சேர்ந்து, வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோக்களை உலகிலேயே முதலில் கண்டறிந்தவர்களுள் இடம்பெற்றார்கள். பாறைக்கடியில் இருந்துகொண்டு நியூட்ரினோவைப் பிடிக்கும் அந்தக் கலை வளர்ந்து, 2011இல் ஜப்பானின் காம்லாண்ட் கருவி பூமிக்குள் கதிரியக்கச் சிதைவில் பிறந்து வரும் நியூட்ரினோக்களை எண்ணியது. பூமியிலிருந்து வெளியேறும் மொத்த வெப்பத்தில் ஏறத்தாழ பாதி கதிரியக்கத்தால் வருவது, மீதி பூமி உருவான நாளின் பழைய சூடு என்பது அதிலிருந்து தெரிந்தது.

தமிழ் மக்களுக்கு மிக நெருக்கமான வெந்நீர் ஊற்று இலங்கையில் இருக்கிறது. திருகோணமலைக்கு அருகே கன்னியாவில் ஏழு சதுரக் கிணறுகள். குனிந்து வாளியில் மொள்ளும் அளவு ஆழம்தான். தாயின் இறுதிக் கடனுக்காக இராவணன் உண்டாக்கிய ஊற்றுகள் என்று ஐதீகம். இறந்தவர்களுக்கு அந்தியேட்டி செய்ய மக்கள் அங்கே வருகிறார்கள். ஒரு கிணற்று நீரை ஊற்றிக்கொண்டு அடுத்ததற்குப் போனால் சூடு கொஞ்சம் மாறியிருப்பதை உடம்பே சொல்லும். சில அடி இடைவெளியில் ஏன் இந்த வேறுபாடு? அடியில் ஒரே பிளவு பல கிளைகளாகப் பிரிகிறது. ஒவ்வொரு கிளையிலும் நீர் ஏறும் வேகமும், மேல்மட்டத்துக் குளிர்நீர் கலக்கும் அளவும் வேறு. இலங்கையிலும் எரிமலை கிடையாது. மகாபெலெஸ்ஸ, மகா ஓயா என்று அங்குள்ள மற்ற ஊற்றுகளும், இரண்டு பழைய பாறைத் தொகுதிகள் மோதி ஒட்டிய எல்லைக்கோட்டை ஒட்டியும் அதன் அருகிலும் அமைந்தவை.

நீர் ஆழத்தில் எவ்வளவு சூடாக இருந்தது என்பதை மேலே நின்றபடியே அளக்க ஒரு வழி இருக்கிறது. பாறையில் சிலிக்கா உண்டு. நீர் சூடாகச் சூடாக அதிகச் சிலிக்காவைக் கரைக்கும். மேலே வரும்போது நீர் ஆறிவிடும், ஆனால் கரைந்த சிலிக்கா உடனே படியாது. அதற்கு நெடுங்காலம் வேண்டும். ஊற்று நீரில் லிட்டருக்கு 60 மில்லிகிராம் சிலிக்கா இருந்தால், அது குவார்ட்ஸ் பாறையோடு ஆழத்தில் சமநிலையில் இருந்தபோது 110 டிகிரி அளவில் இருந்தது என்று கணக்கு சொல்லும். 1960களில் ஃபூர்னியே, ரோ என்ற ஆய்வாளர்கள் வகுத்த இந்த முறையில், ஒரு புட்டி நீரை ஆய்வகத்துக்கு அனுப்பினாலே போதும். நீரின் வயதுக்கும் இப்படி ஒரு சோதனை உண்டு. 1950களிலும் 60களிலும் வல்லரசுகள் வானில் வெடித்த ஹைட்ரஜன் குண்டுகளால் உலகெங்கும் மழையில் ட்ரிடியம் கலந்தது. ட்ரிடியமே இல்லாத ஊற்று நீர் அந்தக் குண்டுகளுக்கு முன் பெய்த மழை. நம் தாத்தா, பாட்டி இளைஞராக இருந்த காலத்திலோ அதற்கும் வெகு முன்போ பெய்தது.

குளிக்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தோல் நோய் தீரும் என்று எல்லா வெந்நீர் ஊற்றுகளிலும் சொல்வார்கள். சூடு தசைவலிக்கு இதமளிக்கும், அது உண்மை. அதற்கு மேல் எதையும் நம்பி மருந்தை நிறுத்தாதீர்கள். கேரளத்தில் சில ஆண்டுகளாக உயிர் பறித்துவரும் நெக்லேரியா ஃபவுலேரி அமீபா வெதுவெதுப்பான நன்னீரில் வளரக்கூடியது, 46 டிகிரிவரை தாங்கும். குடித்தால் நோய் வராது. மூக்கு வழியாக ஏறினால் மூளையைத் தாக்கும். ஆகவே வெந்நீர்க் குளத்தில் தலை முங்க வேண்டாம், குழந்தைகளைக் குதிக்க விட வேண்டாம்.

கடைசியாக, எனக்கு மிகவும் கவலை தரும் விஷயம். ஒரு வெந்நீர் ஊற்று இருப்பது அழுத்தத்தின் நுட்பமான சமநிலையால். ஆழத்திலிருந்து ஏறும் நீரைக் கடைசி சில மீட்டர் தள்ளிவிடும் அழுத்தம் மிகச் சொற்பம். சுற்றிலும் போர்வெல் போட்டு நிலத்தடி நீர்மட்டத்தைச் சில மீட்டர் இறக்கினாலே போதும், வெந்நீர் குளத்துக்கு வராமல் பக்கவாட்டில் ஒதுங்கிவிடும். பாக்கு தண்ணீர் கேட்கும் பயிர். கோடையில் தோட்டத்துக்கு நீர் பாய்ச்ச விவசாயிக்குப் போர்வெல்லை விட்டால் வேறு வழி குறைவு. அவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. ஊற்று எந்த ஆழத்தில் யாரோடு நீரைப் பங்கிடுகிறது என்பதை அளந்து அவரிடம் எடுத்துச் சொல்வது அறிவியலாளர் கடமை.

நியூசிலாந்து இதில் இரண்டு பாடமும் படித்திருக்கிறது. வைரகேயில் 1958இல் புவிவெப்ப மின்நிலையம் தொடங்கி ஆழ்நீரை எடுத்தார்கள். பக்கத்துப் பள்ளத்தாக்கில் பீய்ச்சி அடித்துக்கொண்டிருந்த வெந்நீர் ஊற்றுகள் செத்துப்போயின. ரோட்டோருவாவில் வீடுகளும் விடுதிகளும் போட்ட ஆழ்துளைக் கிணறுகளால் ஊற்றுகள் சோர்ந்தன. 1986இல் அரசு துணிந்து, புகழ்பெற்ற பொஹுட்டு ஊற்றிலிருந்து 1.5 கிலோமீட்டர் தொலைவுக்குள் இருந்த கிணறுகளை மூட உத்தரவிட்டது. எதிர்ப்பு இருந்தது. ஆனால் நீரழுத்தம் மீண்டது, அடங்கியிருந்த ஊற்றுகள் மறுபடி எழுந்தன.

கர்நாடகத்திடம் 2011ஆம் ஆண்டின் நிலத்தடி நீர்ச் சட்டம் இருக்கிறது. போர்வெல்லுக்குக் கட்டுப்பாடு விதிக்க அதில் இடமுண்டு. இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் தேசியப் புவியியல் சின்னங்கள் பட்டியலில் கர்நாடகத்தின் நான்கு இடங்கள் உள்ளன: லால்பாக் பாறை, பெத்தபள்ளி எரிமலைச் சாம்பல், மரடிஹள்ளி தலையணைப் பாறை, உடுப்பிக்கு அருகே செயின்ட் மேரி தீவு. நான்குமே உறைந்து நின்றுபோன பாறைகள். இன்னும் இயங்கிக்கொண்டிருக்கும் பெந்த்ரே தீர்த்தம் அந்தப் பட்டியலில் இல்லை. ஊற்றைச் சுற்றி ஓர் எல்லை வகுத்து, அதற்குள் புதிய ஆழ்துளைக் கிணறு வேண்டாம் என்று முடிவெடுக்க வேண்டும். அங்குள்ள தோட்டங்களுக்கு ஆற்று நீரையும் மழைநீர்க் குட்டைகளையும் ஏற்பாடு செய்துகொடுக்க வேண்டும். மாதம் ஒருமுறை நீரின் வெப்பத்தையும் மட்டத்தையும் குறித்துவைக்க அருகிலுள்ள ஒரு கல்லூரி மாணவர்களே போதும். புத்தூர்ப் பக்கம் போகிறவர்கள் ஒரு வெப்பமானியை எடுத்துப்போய் அளந்து, தேதியோடு எழுதிவைத்து, ஊராட்சி அலுவலகத்தில் ஒரு நகலைக் கொடுத்துவிட்டு வாருங்கள்.